வாழ்நாள் முழுவதும் நீரைவிட்டு வெளியேறாத இருவாழ்விகள் உண்டா?

அறிவியல்_ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் ஈரோடு மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். இருவாழ்விகள் இளமையில் நீரில் செவுள்களால் சுவாசித்து, வளர்ந்தபின் நிலத்திற்கு வந்து நுரையீரலாலும் தோலாலும் சுவாசிப்பவை என்று ஆண்டுதோறும் சொல்லி வந்திருக்கிறேன். கடந்த வாரம் ஒரு மாணவி, சென்னை கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடையில், தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்களும் நான்கு கால்களும் கொண்ட இளஞ்சிவப்பு நிற உயிரொன்றைப் பார்த்ததாகக் கூறினாள். அது தவளைக்கு உறவு என்றாலும் சாகும்வரை தண்ணீரிலேயே இருக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். "கரைக்கே வராததை இருவாழ்வி என்று ஏன் சொல்கிறோம், டீச்சர்?" என்று அவள் கேட்டபோது, அரைகுறையாக ஒரு விடையைச் சொல்லி உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அது ஆக்சலாட்டல் என்பதைத் தேடி அறிந்துகொண்டேன். அது ஏன் கரையேறுவதில்லை? அதைப் போல நீரிலேயே தங்கிவிட்ட வேறு இருவாழ்விகள் உள்ளனவா? செவுள் இல்லாத இனங்கள் நீருக்குள் எப்படிச் சுவாசிக்கின்றன? அந்தப் பெண்ணின் வீட்டில் ஒன்றை வாங்கி வளர்க்கவும் எண்ணுகிறார்கள். அதைப் பற்றியும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மருதநிலம்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உங்கள் மாணவியின் கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய இயற்கையியலாளர்களையே திணறவைத்த கேள்வி என்பதை முதலில் அவளிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆக்சலாட்டலின் தாயகம் மெக்சிகோ நகரம் அமைந்திருக்கும் உயர்ந்த பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் அங்கே ஒருகாலத்தில் ஒன்றோடொன்று இணைந்த பல ஏரிகள் இருந்தன. அவற்றுள் சால்கோ, சோச்சிமில்கோ ஆகிய இரண்டிலும் இந்த உயிர் வாழ்ந்தது. அங்கு வாழ்ந்த அஸ்டெக் மக்களின் நாவாட்டல் மொழியில்தான் இதற்குப் பெயர் பிறந்தது. பலியிடப்படுவதிலிருந்து தப்பி ஓடிய ஷோலோட்டல் என்னும் தெய்வம், முதலில் மக்காச்சோளச் செடியாகவும் பின்னர் கற்றாழையாகவும் உருமாறி, கடைசியில் நீருக்குள் பாய்ந்து இந்த உயிராக ஒளிந்துகொண்டது என்பது அவர்களுடைய தொன்மம்.

ஐரோப்பாவுக்கு வந்த முதல் மாதிரிகளைப் பார்த்த பிரெஞ்சு இயற்கையியலாளர் குவியே, இது வாலுள்ள இருவாழ்வியான ஏதோ ஒரு சாலமாண்டரின் முழுமையடையாத இளம்பருவமாகத்தான் இருக்கும் என்று ஐயுற்றார். ஆனால் இளம்பருவ உயிர் முட்டையிடாது. இதுவோ முட்டையிட்டுப் பெருகியது. 1864-இல் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்கு வந்து சேர்ந்த 34 ஆக்சலாட்டல்களில் ஆறினை ஒகுஸ்த் துமெரில் என்னும் விலங்கியலாளர் பெற்று வளர்த்தார். அவை இனப்பெருக்கம் செய்தன. அடுத்த தலைமுறையில் சில குஞ்சுகள் யாரும் எதிர்பாராத வகையில் செவுள்களை இழந்து, வால்துடுப்புச் சுருங்கி, நிலத்தில் நடக்கும் சாலமாண்டர்களாக மாறி நின்றன. குவியேயின் ஐயம் சரியே என்பதும், இந்த உயிர் இளம்பருவ உடலோடேயே இனப்பெருக்க முதிர்ச்சியை அடைகிறது என்பதும் அப்போதுதான் தெளிந்தன. இந்நிலையை நியோட்டனி என்கிறோம்.

தலைப்பிரட்டை தவளையாவதற்குத் தைராய்டு சுரப்பியின் ஹார்மோன் தேவை என்பதை நீங்கள் வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். ஆக்சலாட்டலுக்கும் தைராய்டு சுரப்பி உண்டு. ஆனால் அதைத் தூண்டிவிட வேண்டிய, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஆணை போதிய அளவுக்கு வருவதில்லை. உடலின் திசுக்களோ அந்த ஹார்மோனை ஏற்கும் திறனை இழக்கவில்லை. அதனால்தான் ஆய்வகத்தில் தைராய்டு ஹார்மோனாகிய தைராக்ஸின் கொடுத்தால் அது உருமாறிக் கரையேறுகிறது. நிலவாழ்வுக்கான உடல்திட்டம் அதற்குள் முழுமையாக இருக்கிறது, அதைத் தொடங்கிவைக்கும் ஆணைதான் வருவதில்லை என்று அவளுக்கு விளக்கலாம். இருவாழ்வி என்று அதை அழைப்பதற்கு இதைவிட நேரடியான காரணம் வேண்டியதில்லை.

ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு அந்த ஏரிகளைப் பார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் வற்றாத, குளிர்ந்த, உணவு மிகுந்த நீர். பெரிய வேட்டைமீன்கள் இல்லாத நீர். இத்தகைய இடத்தில் உருமாறிக் கரையேறுவதற்காக உடலைச் செலவிடுவதைவிட இருந்த இடத்திலேயே முட்டையிடுவது ஆதாயம். நம் ஊர்த் தவளைக்கு அந்த வாய்ப்பே கிடையாது; ஐப்பசியில் நிரம்பும் குட்டை வைகாசியில் வெடித்துக் கிடக்குமென்றால், உருமாறாத தலைப்பிரட்டைக்கு வாழ்வில்லை.

சுவாசத்தைப் பொறுத்தவரை, அதற்கு மூன்று இணை வெளிச்செவுள்கள் உள்ளன. தோலாலும் சுவாசிக்கிறது. நுரையீரலும் இருப்பதால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றையும் விழுங்கிச் செல்கிறது.

வருத்தத்தோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சால்கோ ஏரி வடிக்கப்பட்டுவிட்டது. சோச்சிமில்கோவில் கால்வாய்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. உணவுக்காக அங்கே விடப்பட்ட திலாப்பியாவும் கெண்டையும் இதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்கின்றன. நகரத்தின் கழிவும் கலக்கிறது. 1998-இல் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 என்று கணக்கிடப்பட்ட எண்ணிக்கை, 2014-ஐ ஒட்டிய கணக்கெடுப்பில் சுமார் 36 ஆகக் குறைந்திருந்தது. உலகெங்கும் ஆய்வகங்களிலும் தொட்டிகளிலும் பெருகி வாழும் ஓர் உயிர், தன் சொந்த ஏரியில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. மெக்சிகோ தேசிய தன்னாட்சிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சினாம்பா என்னும் செயற்கைத் தீவுத் தோட்டங்களில் பயிரிடும் உழவர்களோடு சேர்ந்து, அந்நிய மீன்கள் நுழையாதபடி சிறு கால்வாய்களுக்கு வடிகட்டிகள் அமைத்து அவற்றை இதன் புகலிடங்களாக மாற்றி வருகிறார்கள்.

கண்ணாடித்தொட்டி:

வளர்ப்பது பற்றி மட்டும் எழுதுகிறேன்; ஏனெனில் அதில் நான் தவறு செய்து கற்றவன்.

ஆக்சலாட்டலுக்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரையிலான தண்ணீர் உகந்தது. 24 பாகைக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் அது உணவை மறுக்கும், செவுள்கள் சுருங்கும், தோலில் பூஞ்சை படியும். நம் ஊரில் மார்கழியில்கூட அறைத்தண்ணீர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி இல்லாமல் இதை வளர்க்க முடியாது. மின்விசிறியும் ஐஸ்கட்டியும் அதற்கு ஈடாகா. நான் வளர்த்த இணையில் ஒன்று, ஒரு மே மாதத்தில், மின்தடை நீடித்த ஓர் இரவில் இறந்தது. காலையில் தொட்டியருகே நின்றபோது எனக்கு ஏற்பட்ட குற்றவுணர்வு இன்னும் போகவில்லை.

வாயை விரைந்து திறந்து தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுவது இதன் வழக்கமாதலால், தொட்டியில் கூழாங்கற்களைப் பரப்பினால் அவற்றையும் விழுங்கிக் குடல் அடைபட்டு இறக்க நேரும். சிறு மீன்களோடு சேர்த்து விடுவதும் கூடாது, அவை அதன் செவுள்களைக் கொத்திவிடும்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். ஆக்சலாட்டல், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிர். 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தையும் 2024-இல் வந்த விதிகளையும் பின்பற்றி, இத்தகைய உயிர்களை வைத்திருப்போர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவர்களில் பலர் இதை வாங்குபவரிடம் சொல்வதில்லை.

அந்தப் பிள்ளையின் ஆர்வத்தைக் குறைக்க நான் இதை எழுதவில்லை. மழைக்காலத்தில் பள்ளிக்கு அருகிலுள்ள குட்டையில் தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறும்வரை, அவற்றைப் பிடிக்காமல், இருந்த இடத்திலேயே நாள்தோறும் பார்த்துக் குறிப்பெழுதச் சொல்லுங்கள். ஆக்சலாட்டலில் நடக்காமல் போன மாற்றம் எது என்பது அவளுக்குக் கண்ணெதிரே விளங்கும்.

குகைநீர்:

மருதநிலம் ஐயா சொன்னதோடு ஓர் ஒப்பீட்டைச் சேர்க்க விரும்புகிறேன். நீரிலேயே தங்கிவிட்ட சாலமாண்டர்கள் எல்லாம் ஒரே வழியில் அங்கே தங்கிவிடவில்லை. ஆக்சலாட்டலுக்குத் தைராக்ஸின் கொடுத்தால் கரையேறும். ஐரோப்பாவின் குகைநீரில் வாழும் ஓல்ம் என்னும் புரோட்டியசுக்கு எவ்வளவு கொடுத்தாலும் அது உருமாறாது. அதன் தைராய்டு வேலை செய்கிறது, ஹார்மோனும் சுரக்கிறது. அதைக் கேட்டு மாறவேண்டிய திசுக்கள்தாம் பதில் கொடுப்பதில்லை. ஒன்றில் ஆணை வரவில்லை, மற்றொன்றில் வந்த ஆணை ஏற்கப்படவில்லை. வகுப்பில் இந்த இரண்டையும் அருகருகே வைத்துச் சொன்னால் பிள்ளைகள் நன்றாகப் பற்றிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்லோவேனியா, குரோவேஷியா, பாஸ்னியா, இத்தாலியின் வடகிழக்கு மூலை ஆகிய பகுதிகளில் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஓடும் இருண்ட நீரோட்டங்கள் இதன் இருப்பிடம். 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். விலாங்கு போன்ற மெல்லிய உடல். முன்கால்களில் மூன்று விரல்களும் பின்கால்களில் இரண்டு விரல்களுமே உண்டு. தோலில் நிறமில்லாததால் உள்ளே ஓடும் இரத்தத்தின் சாயல் தெரிந்து, மனிதத் தோலை ஒத்திருக்கிறது. ஸ்லோவேனிய மக்கள் இதை மனிதமீன் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். பெருமழைக்குப்பின் வெள்ளம் இதைக் குகைக்கு வெளியே தள்ளிவிடும்போது, நிலத்தடியில் வாழும் பறவைநாகத்தின் (டிராகனின்) குட்டி இது என்று மக்கள் நம்பியதை வல்வசோர் என்பவர் 1689-இலேயே எழுதிவைத்தார்.

கண்கள் தோலுக்கு அடியில் புதைந்துபோயிருக்கின்றன. அதற்கு மாற்றாக மோப்பமும், நீரின் அதிர்வை உணரும் பக்கக்கோட்டு உறுப்புகளும், மெல்லிய மின்புலத்தை உணரும் திறனும் கூர்மையடைந்துள்ளன. குகையில் உணவு அரிது. அதனால் இந்த உயிர் வாழ்வின் வேகத்தையே குறைத்துக்கொண்டது. இரையில்லாமல் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பருவம் அடையவே ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். முட்டையிடுவது 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவில். பிரான்சின் மூலிஸ் என்னும் ஊரில், 1950-களிலிருந்து ஒரு குகை ஆய்வகத்தில் வளர்க்கப்படும் கூட்டத்தின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இதன் சராசரி ஆயுள் 68 ஆண்டுகளுக்குமேல் என்றும், உச்ச ஆயுள் நூறு ஆண்டுகளைத் தாண்டக்கூடும் என்றும் 2010-இல் கணித்தார்கள். எடை இருபது கிராமை ஒட்டிய ஓர் உயிருக்கு இது வியப்பான ஆயுள். கிழக்கு ஹெர்ஸகோவினாவின் குகைகளில் முக்குளித்து, ஒவ்வொன்றையும் அடையாளமிட்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பெரும்பாலானவை சில மீட்டர் தொலைவுக்குமேல் நகரவில்லை. ஓர் ஓல்ம், 2,569 நாள் இடைவெளிக்குப் பிறகும் அதே இடத்தில் காணப்பட்டது.

2016 சனவரியில் ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகையில், பார்வையாளர்களுக்காக வைக்கப்பட்டிருந்த தொட்டியில் ஓர் ஓல்ம் முட்டையிடத் தொடங்கியது. மொத்தம் 64 முட்டைகள். இருளைக் கலைக்காமல் அகச்சிவப்புக் கேமராவில் பார்த்துக்கொண்டு நான்கு மாதம் காத்திருந்தார்கள்; மே 30 அன்று முதல் குஞ்சு வெளிவந்தது. எனக்கு இந்தச் செய்தியில் மிகவும் பிடித்தது, ஒரு நாடே அந்த முட்டைகளுக்காக மூச்சடக்கிக் காத்திருந்தது என்பதுதான்.

வன்னிக்குளம்:

எங்கள் இலங்கைப் பாடநூல்களில் இவற்றை ஈரூடகவாழிகள் என்றும், செவுள்களைப் பூக்கள் என்றும் படித்தோம். இறகுபோல விரியும் ஆக்சலாட்டலின் வெளிச்செவுள்களைப் படத்தில் பார்த்தபோது, பூ என்ற சொல் எவ்வளவு பொருத்தமானது என்று தோன்றியது.

தவளைக்கும் சாலமாண்டருக்கும் அப்பால் மூன்றாவது கூட்டமொன்று உண்டு. அதை யாரும் குறிப்பிடாததால் எழுதுகிறேன். கால்களே இல்லாத சிசிலியன்கள். இலங்கையின் ஈரவலயத்திலும் உங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் மண்ணுக்குள் வாழும் இக்தியோபிஸ் இதைச் சேர்ந்தது. தோட்ட வேலை செய்வோர் பாம்பு என்று எண்ணி இதைக் கொன்றுவிடுவது பெரும் துயரம். 1880-களில் இலங்கைக்கு வந்த பவுல், பிரிட்ஸ் சாரசின் சகோதரர்கள், இதன் வளர்ச்சியை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். தாய் நீரோரத்து ஈரமண்ணில் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காவல் காக்கிறது. முட்டைக்குள்ளிருக்கும் கருவுக்கு நீண்ட வெளிச்செவுள்கள் உண்டு. பொரித்த குஞ்சு அவற்றை இழந்து நீருக்குள் சென்று சிலகாலம் நீந்தி வாழ்ந்து, பின்னர் மண்ணுக்குத் திரும்புகிறது. இது முறையான இருவாழ்வு.

தென் அமெரிக்காவின் டிப்லோநெக்டிஸ் என்னும் சிசிலியன் இதை முற்றிலும் மாற்றிக்கொண்டது. அது மண்ணுக்கே திரும்புவதில்லை. சில வண்ணமீன் கடைகளில் ரப்பர் விலாங்கு என்ற பெயரில் விற்கப்படுவது இதுதான். விலாங்கும் அல்ல, மீனும் அல்ல. முட்டையிடாமல் குட்டி போடுகிறது. கருவிலிருக்கும் குட்டிகள் தாயின் கருக்குழாயின் உட்சுவரைத் தமக்கென அமைந்த சிறு பற்களால் சுரண்டித் தின்று வளர்கின்றன. பிறக்கும்போது அவற்றின் கழுத்தில் மெல்லிய பை போன்ற பெரிய செவுள்கள் தொங்கும், சிறிது நேரத்திலேயே உதிர்ந்துவிடும். அதன்பின் நுரையீரலாலும் தோலாலும் சுவாசம். காற்றுக்காக மூக்கு நுனியை மட்டும் நீருக்குமேல் நீட்டும்.

இதே குடும்பத்தில் அட்ரெட்டோகோனா என்றொரு பெரிய இனம் இருக்கிறது. அதற்கு நுரையீரலும் இல்லை, வளர்ந்தபின் செவுளும் இல்லை. மூக்குத்துளைகள் உட்புறத்தில் அடைபட்டவை. ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளரும் இந்த உடல், தோல்வழிச் சுவாசத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. 1995-இல் இதை ஆராய்ந்தவர்களிடம் இருந்தது அருங்காட்சியகத்தில் கிடந்த ஒரே ஒரு மாதிரி. நுரையீரலின்றி வாழ்வதற்கு உயிர்வளி மிகுந்த, விரைந்தோடும் குளிர்ந்த மலையாறு வேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். 2011-இல் பிரேசிலின் மதெய்ரா ஆற்றில் அணை கட்டுவதற்காக ஆற்றின் ஒரு பகுதியை வடித்தபோது, இது உயிரோடு கிடைத்தது. அந்த ஊகம் பொய்த்தது. அது வாழ்ந்தது வெதுவெதுப்பான, கலங்கிய சமவெளி ஆறு. ஆசிரியை அவர்களின் மூன்றாவது கேள்விக்கு இதைவிடக் கடினமான எடுத்துக்காட்டு இருக்க முடியாது.

அறிவியல்_ஆசிரியை:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. மாணவியின் பெற்றோரிடம் பேசினேன்; வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டார்கள். நீங்கள் எழுதியவற்றை வகுப்பில் வாசித்தபோது, சாலமாண்டரை எங்கள் ஊரில் யாருமே பார்த்ததில்லையே, தவளையிலோ தேரையிலோ இப்படி நீரைவிட்டு வராதவை இல்லையா என்று ஒரு மாணவன் கேட்டான்.

மருதநிலம்:

அவன் கேட்டது நியாயம். இந்தியாவில் சாலமாண்டர் வகையைப் பார்க்க டார்ஜிலிங், சிக்கிம், மணிப்பூர் பக்கம் போக வேண்டும்.

தவளைகள் இளம்பருவ உடலோடு இனப்பெருக்கம் செய்வதில்லை. தலைப்பிரட்டை கட்டாயம் உருமாறியாக வேண்டும். ஆகவே நீரிலேயே தங்கும் தவளையும் தேரையும் முழு வளர்ந்த உடலை நீருக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டவை. தென் அமெரிக்காவின் சுரிநாம் தேரையைப் பாருங்கள். உதிர்ந்த இலையைப் போலத் தட்டையான உடல், நாக்கு கிடையாது, விரல் நுனிகளில் நட்சத்திர வடிவில் தொடுவுணர்வுக் கிளைகள். தலைப்பிரட்டைக்கு உரிய பக்கக்கோட்டு உறுப்புகளை வளர்ந்தபின்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆணும் பெண்ணும் நீருக்குள் குட்டிக்கரணம் அடித்தபடி முட்டைகளை இடுகின்றன. அவை பெண்ணின் முதுகில் ஒட்டிக்கொள்ள, தோல் வீங்கி எழுந்து ஒவ்வொன்றையும் ஒரு சிறு குழிக்குள் மூடிக்கொள்கிறது. தலைப்பிரட்டைப் பருவம் அந்தக் குழிக்குள்ளேயே கழிந்து, மூன்று நான்கு மாதங்களுக்குப்பின் முழு உருவத்தில் சிறு தேரைகளாகவே முதுகைப் பிளந்துகொண்டு வெளிவருகின்றன. ஆனால் இது நுரையீரலை விட்டுவிடவில்லை. காற்றுக்கு மேலே வந்தே தீர வேண்டும்.

அந்தத் தேவையையும் பெரும்பாலும் குறைத்துக்கொண்டது டிட்டிகாகா ஏரித் தவளை. பெரு, பொலிவியா நாடுகளின் எல்லையில், 3,800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது அந்த ஏரி. அங்கே காற்று மெலிந்தது, வெயில் கடுமையானது, இரவு உறையவைப்பது. தவளையின் ஈரத்தோல் கரையில் தாங்காது. நீரின் குளிர்ச்சியோ ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. ஆகவே அது ஏரியின் அடித்தரையில் வாழ்கிறது. நுரையீரல் மிகச் சிறுத்துவிட்டது. அதற்கு ஈடாகத் தோல், அளவில் பெரிய சட்டையை அணிந்ததுபோல, கழுத்திலும் விலாவிலும் தொடையிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. அம்மடிப்புகளின் மேற்பரப்புவரை நுண்ணிய இரத்தக்குழாய்கள் ஊடுருவியுள்ளன. சிவப்பணுக்கள் மற்றத் தவளைகளுடையவற்றைவிடச் சிறியவை, எண்ணிக்கையில் மிகுந்தவை. நீரில் உயிர்வளி குறையும்போது அது கால்களை ஊன்றி, தண்டால் எடுப்பதுபோல உடலை மேலும் கீழும் அசைக்கிறது. மடிப்புகள் அலைய, அவற்றையொட்டித் தேங்கிய நீர் விலகிப் புதுநீர் வந்து படுகிறது. பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டச் சொல்லலாம்.

ஆனால் உயிர்வளியை உள்ளே விடும் அதே தோல், நீரில் கலந்த நஞ்சையும் தடுப்பதில்லை. சாற்றுக்காகவும் இறைச்சிக்காகவும் பிடிக்கப்பட்டு ஏற்கெனவே அருகிவந்த இந்தத் தவளைகள், 2016 அக்டோபரில், டிட்டிகாகாவில் கலக்கும் கோவாட்டா ஆற்றில் ஏறத்தாழ 10,000 என்ற எண்ணிக்கையில் செத்து மிதந்தன. ஆற்றில் கலக்கும் சாக்கடையைத் தடுக்கக் கோரி அப்பகுதி மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வந்தார்கள். இம்முறை அவர்கள் இறந்த தவளைகளில் நூறினை எடுத்துச்சென்று, புனோ நகரத்தின் நடுச்சதுக்கத்தில் வைத்தார்கள்.